வயிற்றுப் பிள்ளையின் மாவைத் தின்றவர்கள்

டேய் குமார்,

போனில் பேசி முடிகிற விஷயமாக இருந்தால் இத்தனை காகிதத்தை வீணாக்கியிருக்க மாட்டேன். போனில் நான் ஆரம்பித்தாலே "சரிப்பா, சரிப்பா" என்கிறாய். இரண்டாவது சரிப்பாவுக்கும் மூன்றாவது சரிப்பாவுக்கும் நடுவில் உனக்கு டவர் போய்விடுகிறது. எண்ணூரில் தெருவுக்கு ஒரு டவர் நிற்கிறது, நான் பேசும்போது மட்டும் ஒன்றும் வேலை செய்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் தூக்கிப் போட்டாலும் கடிதம் அங்கேயேதான் கிடக்கும், திரும்ப எடுத்துப் படித்துத்தான் ஆக வேண்டும். எனக்குக் கோபம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கோபம் உன் மேல். மீதி யார் மேல் என்பது போகப் போகத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன் அல்லவா. மருமகளுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது, போய்ப் பார்த்துவிட்டு வா என்று உன் அம்மா ஒரு பை நிறைய முருங்கைக்கீரையும் நெல்லிக்காயும் கொடுத்து அனுப்பினாள். கொருக்குப்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி, லாரிப் புழுதியெல்லாம் குடித்து நான் வந்து சேர்ந்தபோது நீ கன்டெய்னர் யார்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். தேவி டீ போட்டாள். கூடவே ஒரு எவர்சில்வர் தட்டில் ஆறு உருண்டை கொண்டுவந்தாள். ஒன்றை வாயில் போட்டேன். கடிக்கவே தேவைப்படவில்லை, நாக்கில் பட்டதும் தெரிந்துவிட்டது. வறுத்த கோதுமை, கேழ்வரகு, பொட்டுக்கடலை, வெல்லம். பால்வாடியில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற சத்துமாவு. அதில் வெந்நீர் தெளித்து, தேங்காய்த் துருவல் போட்டுப் பிடித்திருந்தாள். நீ ஷூவை மாட்டிக்கொண்டே நாலு உருண்டை தின்றாய். நான் எண்ணினேன். நீ எடுக்க வசதியாக அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிச்சமிருந்த ஒன்றையும் கவரில் சுற்றி உன் பையில் வைத்தாள். அவள் வாயில் ஒரு துணுக்குகூடப் போகவில்லை.

"டேய், இது அவளுக்குக் குடுக்கற மாவாச்சே?" என்று கேட்டேன். நீ வாயில் உருண்டையோடு சொன்ன பதிலை வரி மாறாமல் எழுதுகிறேன். "அய்யோ அது கவர்ன்மென்ட் மாவுப்பா, மாட்டுத்தீனி. அவளுக்கு நான் மெடிக்கல்ல சத்துப் பவுடர் டப்பா வாங்கிக் குடுத்துகீறேன்." மாட்டுத்தீனி என்று சொல்லிக்கொண்டே நாலாவதைக் கையில் எடுத்தாய். மாட்டுத்தீனியை மாடு தின்கிறது, உனக்கென்னடா அங்கே வேலை? நான் விடவில்லை, மறுபடியும் கேட்டேன். அப்போதுதான் அந்த இன்னொரு வார்த்தையைச் சொன்னாய். "இன்னாப்பா பெரிய மாவு. செல்வி வயித்துல இருந்தப்போ அம்மாகூடத்தான் அத்தத் துன்னாம கீழ கொட்டிச்சு. செல்வி பொறக்கல? நல்லாத்தானே கீது?" சொல்லிவிட்டு பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டாய். அது நிஜமா என்று கேட்கிற மாதிரி தேவி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஆறிப்போன டீயைக் குடித்தேன். இந்தக் கடிதம் முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில்தான்.

நீ போன பிறகு என்ன நடந்தது என்றும் கேட்டுக்கொள். "நீ ஏன் துன்னல கண்ணு?" என்றேன். "எனக்குப் பசியே எடுக்கல மாமா. அவுரு நாள் முச்சூடும் வெயில்ல நின்னுகினு கீறாரு, அவுருக்குத்தான் தெம்பு வேணும்" என்றாள். அவளுடைய கர்ப்பிணி கார்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். போன மாதம் என்ன எடையோ இந்த மாதமும் அதே எடை. பக்கத்தில் நர்ஸம்மா சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். ரத்தம் கம்மி என்றும் எழுதியிருந்தது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், உள்ளே வெளுத்துக் கிடந்தது. ரத்தத்துக்குக் கொடுத்த மாத்திரை எங்கே என்று கேட்டால் டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தாள். அட்டை அட்டையாக, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. "அத்தப் போட்டா வெளிக்குக் கறுப்பாப் போவுது மாமா, பயமா கீது. கொழந்தையும் கறுப்பாப் பொறக்குமாம், பக்கத்து வூட்ல சொன்னாங்கோ." நான் நிலக்கரி நிறம், நீ என்னைவிட ஒரு பிடி அதிகம். எந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாமெல்லாம் பிறந்தோம் என்று கேட்டேன். சிரித்தாள். சிரிப்போடு சிரிப்பாக இன்னொன்றும் சொன்னாள். நிறையத் தின்றால் பிள்ளை பெரிதாகிவிடுமாம், பெரிதானால் ஆபரேஷன் செய்துவிடுவார்களாம், அதனால் அளவாகத்தான் சாப்பிடுகிறாளாம்.

நீ வாங்கிக் கொடுத்த டப்பாவையும் பார்த்தேன். ஷோகேஸில், கல்யாணத்துக்கு வந்த பொம்மைக்குப் பக்கத்தில், மேலே துணி போட்டு வைத்திருக்கிறாள். தீர்ந்துவிட்டால் திரும்ப உன்னிடம் கேட்க வேண்டுமே என்று தினமும் அரை ஸ்பூன் போட்டுக் குடிக்கிறாள். அரை ஸ்பூன் பவுடர் தண்ணீருக்கு வாசனை கொடுக்கும், வேறு ஒன்றும் செய்யாது. ஆக உன் வீட்டில் நடப்பது இது. டப்பா ஷோகேஸில். மாத்திரை டிவிக்குப் பின்னால். மாவு உன் வயிற்றில். உள்ளே இருக்கிற பிள்ளைக்கு எது போகிறது என்று நீ ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்தாயா? எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அன்றைக்கே யார்டுக்கு வந்து உன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். வராததற்குக் காரணம் உண்டு. உன்னை உலுக்க எனக்கு யோக்கியதை கிடையாது. அதைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

உன் தங்கை செல்வி வயிற்றில் இருந்தபோது உனக்குப் பதினொரு வயது. தொண்ணூறுகளின் கடைசி. நான் கூட்ஸ் ஷெட்டில் லோடுமேன். வேகனிலிருந்து மூட்டையை முதுகில் வாங்கி லாரியில் ஏற்றுகிற வேலை. காலை ஆறு மணிக்குத் தோளில் ஏறினால் மதியம்வரை இறங்காது. உன் அம்மா மாதாமாதம் பால்வாடிக்குப் போய் மாவு வாங்கி வருவாள். வந்ததும் உருண்டை பிடிப்பாள். எனக்குச் சாப்பாட்டு டப்பாவில் இரண்டு, சாயங்காலம் வந்ததும் இரண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் உனக்கு ஒன்று. நீ பிள்ளை, உன்னை நான் இந்தக் குற்றத்தில் சேர்க்கவில்லை. அவளுக்கு என்று ஒன்று எடுத்து வைத்ததை நான் பார்த்ததில்லை. தேடவும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை கேள். வேடிக்கை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தோம். ஷெட்டில் எவன் டப்பாவில் இந்த உருண்டை வருகிறதோ, அவன் பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள் என்று அர்த்தம். அவன் வாய் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை. ஏகாம்பரம் என்று ஒருவன் இருந்தானே, உனக்குப் பட்டம் செய்து கொடுப்பான், அவன்தான் முதலில் கண்டுபிடிப்பான். "இன்னா மாமு, உருண்டை வந்துட்ச்சே! எத்தினி மாசம்?" என்று ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவான். உருண்டைக்காரன் வெட்கப்பட்டுக்கொண்டே பக்கத்தில் இருப்பவனுக்கு ஒன்று கொடுப்பான். இன்னொருவன் பிடுங்கித் தின்பான். கல்யாண வீட்டு லட்டு மாதிரி அது கை மாறும். குழந்தை பிறந்த பிறகும் சில மாதம் வரும், பால் கொடுக்கிற தாய்க்கும் மாவு உண்டு என்பதால். எங்களில் யாராவது ஒருவன் வீட்டில் எப்போதும் விசேஷம் இருக்கும், அதனால் ஷெட்டில் உருண்டைக்குப் பஞ்சமே வந்ததில்லை. எங்கள் பெண்டாட்டிமார்களுக்கும் அதில் ஒரு பெருமை. புருஷன் டப்பாவில் உருண்டை வைத்து அனுப்பாதவள் கஞ்சப் பிசினாரி என்று தெருக் குழாயில் பேசிக்கொள்வார்கள். அந்த ஷெட்டில் இறங்கிய மூட்டைகளில் பாதி, இன்னும் பிறக்காத பிள்ளைகளின் தெம்பில் இறங்கியது. ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

இத்தனைக்கும் நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. எட்டாவது படித்தவன். சங்கத்தில் தீர்மானம் எழுதுகிறவன் நான்தான். ஷெட்டில் சிந்துகிற தானியத்தைக் கூட்டி அள்ளுகிற பெண்களுக்கும் எங்களைப் போலவே மதியம் ஒரு மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று மேஸ்திரியிடம் மல்லுக்கு நின்றவன். "அவங்கவங்க பங்கு அவங்கவங்களுக்குப் போவணும்" என்று கேட் வாசலில் தொண்டை கிழியப் பேசியிருக்கிறேன். பேசி முடித்து, கை தட்டல் வாங்கிக்கொண்டு, மர நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பேன்.

உன் அம்மாவுக்கு ஏழு மாதம் ஆனபோது ஒருநாள் மதியம் பால்வாடி டீச்சர் நேராக ஷெட்டுக்கே வந்துவிட்டார். காலடிப்பேட்டையிலிருந்து வருகிற ஒல்லியான அம்மா, எப்போதும் கையில் குடை. உன் அம்மாவுக்கு மட்டுமில்லை, தெருவில் இன்னும் மூன்று பேருக்கு எடை ஏறவில்லை. எல்லாரும் மாவு வாங்குகிறார்கள், எல்லாரும் தின்கிறோம் என்றுதான் சொல்கிறார்கள். மாவு எங்கே போகிறது என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு எங்கள் டப்பாக்களை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, "சரி, இங்க யார்யாருக்கு எத்தினி மாசம்? கையத் தூக்குங்க, கார்டு போட்டுத் தரேன்" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேசத் தெரிந்தவன் நான்தானே. எழுந்து நின்று சொன்னேன்: "டீச்சர், மாவு குடுக்கறது ஒண்டிதான் உங்க வேலை. வூட்டுக்கு வந்தப்பால யாரு துன்றாங்கோன்றது எங்க குடும்ப விசயம். அவ்ளோ அக்கறை கீதா? அதோ அந்த மூட்டையத் தூக்கிக் காட்டுங்க, இன்னியோட நாங்க துன்றத நிறுத்திக்கிறோம்." ஏகாம்பரம் விசில் அடித்தான். டீச்சருக்கு முகம் சிவந்துபோனது. ஆனாலும் நகரவில்லை. "நான் ஏன்யா தூக்கணும்? உன் பொண்டாட்டி ஏழு மாசமா எறக்கி வெக்காமத் தூக்கினு கீறா. அவளுக்குத் துன்னக் குடு" என்றார். குடையை விரித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டார். அவர் சொன்னது அன்றைக்கு எனக்கு ஏறவில்லை. ஒரு டீச்சரை வாயடைத்த பெருமைதான் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதை உன் அம்மாவிடம் நடித்துக் காட்டினேன், நீயும் பார்த்துச் சிரித்தாய். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு எனக்குத் தட்டு வைத்தாள்.

அந்த மாதங்களில் அவள் எப்படி இருந்தாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தண்ணி லாரி வந்தால் குடத்தை நீதான் தூக்கி வருவாய், அவளுக்கு மூச்சு வாங்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். சாம்பலைத் தின்று என்னிடம் மாட்டிக்கொண்டிருக்கிறாள். மசக்கை என்று சொல்லி விட்டுவிட்டேன். ரத்தம் இல்லாத உடம்புதான் மண்ணையும் சாம்பலையும் தேடும் என்று பின்னால் டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது. மாத்திரையை அவளும் போடவில்லை, அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அந்தக் காரணமும் இதே கறுப்புதான். பத்து வருஷம் ஆகியும் இந்தக் கறுப்பு மட்டும் நம் தெருவை விட்டுப் போகவில்லை.

எட்டாவது மாதம் முடிவதற்குள் வலி வந்துவிட்டது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். செல்வி பிறந்தாள். ஒரு கிலோ அறுநூறு. எத்தனையோ ஆயிரம் மூட்டை தூக்கிய கை என்னுடையது. அதில் அந்தப் பிள்ளையை வாங்கினேன். கையில் எதுவும் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. அழக்கூட அதற்குத் தெம்பில்லை, பூனைக்குட்டி மாதிரி முனகியது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் டாக்டரம்மா கார்டை எடுத்துப் பார்த்துவிட்டு உன் அம்மாவிடம் கேட்டார். "எல்லா மாசமும் மாவு வாங்கினதா எழுதியிருக்கு. எங்கம்மா போச்சு? சாப்பிட்டியா இல்லியா?" நான் கட்டில் பக்கத்தில் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றிருந்தேன். உன் அம்மா ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பி, "புடிக்கல டாக்டர். கொட்டிட்டேன்" என்றாள். வார்டே கேட்கிற மாதிரி திட்டு விழுந்தது. பெற்ற பிள்ளை மேல் அக்கறை இல்லாதவள், கொடுக்கிறதைத் தின்னக்கூடத் தெரியாதவள், இன்னும் என்னென்னவோ. தையல் போட்ட உடம்போடு உட்கார்ந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். பக்கத்துக் கட்டில் பெண்கள் எல்லாம் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கேட் வாசலில் அத்தனை பேசுகிற வாய். நீ ஞாயிற்றுக்கிழமை என்னிடம் எடுத்து வீசினாயே, அம்மா மாவைக் கொட்டிய கதை, அது பிறந்தது அந்தக் கட்டிலில்தான்.

கதையை அவள் ஒரு தடவைதான் சொன்னாள். அதை வளர்த்தது நான். சொந்தக்காரர்கள் வந்து பிள்ளை ஏன் இப்படி எலிக்குஞ்சு மாதிரி இருக்கிறது என்று கேட்டபோதெல்லாம், "இன்னா பண்றது, மாவக் குடுத்தாங்கோ, அவ துன்ன மாட்டேன்னுட்டா" என்று சொன்னேன். உன் எதிரிலும் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் நீ வளர்ந்தாய். இன்றைக்கு உன் பெண்டாட்டியின் மாவைத் தின்பதற்கு அதையே சாட்சிக்குக் கூப்பிடுகிறாய். உன்னை எப்படித் திட்டுவது? திட்டத்தான் செய்கிறேன், ஆனால் பாதித் திட்டு என் மேலேயே வந்து விழுகிறது.

மாவு வருகிற கவரில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்றாவது சொல்லலாம் என்று பார்த்தேன். அதுவும் முடியாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கவரைக் கழுவிக் காயவைத்து அதில்தான் என் சங்க நோட்டீஸ்களை நனையாமல் வைத்திருந்தேன். தினமும் எடுக்கும்போது கண்ணில் படும். படித்தேன், தின்றேன். அதுதான் உண்மை.

அந்த மாவை அவளே தின்றிருந்தால் செல்வி மூன்று கிலோ பிறந்திருப்பாள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எந்த டாக்டரும் செய்ய மாட்டார். குறைமாதம் ஆவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் அந்த மாவு பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை என்பது மட்டும் நிச்சயம். அது எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

பிறகு பட்ட பாடு உனக்குக் கொஞ்சம் தெரியும். பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த பிறகு, உடம்புச் சூடு பட வேண்டும் என்று நர்ஸ் சொன்னபடி, உன் அம்மா கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம் என்று நெஞ்சில் போட்டுக்கொண்டு கிடந்தோம். உறிஞ்சத் தெம்பில்லாமல் பாதியில் தூங்கிப்போகும், எழுப்பி எழுப்பிப் பால் கொடுப்பாள். பக்கத்து வீட்டில் சர்க்கரைத் தண்ணி கொடு என்றார்கள், தெருவில் வந்த கழுதைப்பால்காரனைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். டீச்சர் வந்து அத்தனை பேரையும் விரட்டிவிட்டுத் தாய்ப்பால் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது என்றார். வாரம் ஒருமுறை துணித் தூளியில் வைத்துத் தராசில் தொங்கவிடுவார். முள் நகர்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் காய்ச்சலில் இறங்கும். டீச்சர் என்னை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. கார்டில் கோட்டை இழுத்துவிட்டு, உன் அம்மாவிடம், "நீ துன்னாத்தான் பால் வரும், தெரியுதா?" என்று மட்டும் சொல்வார், என் பக்கம் திரும்பாமல்.

அதற்குப் பிறகுதான் ஒன்றை ஆரம்பித்தேன். மாவு வந்தால் உருண்டை பிடிக்கக் கூடாது, கஞ்சியாகக் காய்ச்ச வேண்டும் என்றேன். கஞ்சியை டப்பாவில் போட்டு அனுப்ப முடியாது பார். காய்ச்சி, சூடாக, என் எதிரில் உட்கார்ந்து குடி என்றேன். அவளுக்கு வெட்கம். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் செய்தவள், நான் பார்க்க அவள் சூடாக எதையும் சாப்பிட்டதே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தாள். குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்காமல் இருந்தேன். ஷெட்டில் கேலி செய்தார்கள். "இன்னா மாமு, உருண்டை வரல? வூட்ல சண்டையா?" என்றான் ஏகாம்பரம். சண்டை இல்லை என்று மட்டும் சொன்னேன். நான் ஏன் தின்பதில்லை என்று அப்போதும் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் நாலு பேர் நிறுத்தியிருப்பார்கள். அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

இப்போது நீ செய்ய வேண்டியது இதுதான். நாளையிலிருந்து உருண்டை பிடிக்க வேண்டாம் என்று தேவியிடம் சொல். நீ சொன்னால்தான் நிறுத்துவாள், நான் சொன்னதற்குச் சரி மாமா என்று தலையை ஆட்டிவிட்டு உனக்கு இரண்டு ஒளித்து வைப்பாள், நம் வீட்டுப் பெண்கள் அப்படித்தான். கஞ்சி காய்ச்சச் சொல்லி, நீ வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவள் குடிப்பதைப் பார்த்துவிட்டுப் போ. டிவிக்குப் பின்னால் இருக்கிற மாத்திரையை எடுத்துச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வை. சாப்பிட்ட பிறகு ஒன்று, டீயோடு வேண்டாம், டீ அந்தச் சத்தை உடம்பில் சேர விடாது. உன் அம்மா கொடுத்த நெல்லிக்காயைக் கடித்துக்கொள்ளட்டும். வெளிக்குக் கறுப்பாகப் போவது அந்த இரும்புச் சத்தால்தான், அதற்குப் பயப்பட வேண்டாம். வயிறு கட்டிக்கொண்டால் நர்ஸம்மாவிடம் சொல்லட்டும், தானாக நிறுத்த வேண்டாம். டப்பாவை வாங்கிவிட்டாய், நர்ஸிடம் காட்டிக் கேள், சரி என்றால் அளவாகப் போட்டுக் குடிக்கட்டும், ஷோகேஸில் வைத்துப் பூஜை செய்ய வேண்டாம். பிள்ளை பெரிதாகிவிடும் என்கிற பேச்சை இனி எவராவது பேசினால் என்னிடம் அனுப்பு. சின்னதாகப் பிறந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். உனக்குப் பசித்தால் இருக்கவே இருக்கிறது யார்டு வாசலில் இட்லிக் கடை. போய்த் தின்றுகொள், தடிப்பயலே. இந்த வாரம் எடை பார்க்கப் போகும்போது லீவு போட்டுவிட்டு நீயும் கூடப் போ. தனியாக அனுப்பாதே. நர்ஸ் கேட்டால் அவள் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள், கொட்டிவிட்டேன் என்றுதான் சொல்வாள்.

இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்று நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன். "விடுய்யா. பழைய கதை. புள்ளைங்க உன்ன தப்பா நெனச்சிக்கும்" என்றாள். பத்து வருஷமாக என் தப்பைத் தன் தலையில் சுமப்பவள், இன்னும் இறக்கி வைக்க மாட்டேன் என்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் அவள் இன்னொன்றைச் சொன்னாள். போன மாதம் பள்ளிக்கூடத்தில் உயரம் அளந்தார்களாம், செல்விதான் வகுப்பிலேயே குள்ளமாம். வீட்டுக்கு வந்து, "நான் வயித்துல கீறப்போ நீ ஏம்மா ஒழுங்கா துன்னல?" என்று கேட்டிருக்கிறாள். இவள், "தப்புதான்டி கண்ணு" என்றிருக்கிறாள். அந்தப் பிள்ளையிடமும் அதையே சொல்லியிருக்கிறாள்.

அதனால் இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் இன்று காலை செல்வியிடம் கொடுத்தேன். பள்ளிக்கூடம் லீவு. ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். என் எழுத்து அவளுக்குப் புரியவில்லை என்று இரண்டு இடத்தில் கேட்டாள், சொன்னேன். முடித்ததும் என்னைத் திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. எழுந்து போய்ச் சமையல்கட்டில் அவள் அம்மாவின் முதுகைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். இப்போது மத்தியானம் ஆகிறது.  கொஞ்சம் முன்னால் வந்து பேனாவைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தில் கீழே இருந்த இடத்தில் உனக்கு ஒன்று எழுதிவிட்டுப் போனாள். நான் எதையும் திருத்தவில்லை.

அண்ணா, அது பாப்பாவோடது. நீ சாப்பிடாதே. செல்வி.